சம்பும் மேல்தொட்டியும் கழுவும் நாள்

குழாய்த் தண்ணீரில் லேசாக மண் வாடை அடிக்கிறது. வாளியை ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தும் வீட்டில் கொசு குறையவில்லை. இப்படி இருந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வடிகட்டியை மாற்றுவார்கள், அல்லது கொசுவத்தி வாங்குவார்கள். முதலில் செய்ய வேண்டியது, டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பது.

கழுவுவது அரைநாள் வேலை. அதைவிட முக்கியம், அழுக்கு எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது. அந்த வழியை அடைக்காவிட்டால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

திறந்ததும் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள்

கழுவுவதற்கு முந்தைய நாள், தண்ணீர் நிரம்பியிருக்கும்போதே ஒரு தடவை பாருங்கள். மோட்டார் எட்டு மணி நேரமாவது ஓடாமல் இருந்திருந்தால் வண்டல் அடியில் தங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும்.

சுவரில் பச்சைப் பாசி இருந்தால் உள்ளே வெளிச்சம் போகிறது என்று அர்த்தம். வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது. பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வெளுத்துப்போய் மெலிந்திருந்தால், உச்சிவெயிலில் மூடியைக் கொஞ்சமாக விலக்கி உள்ளே பார்த்தாலே தெரியும்: சுவர் முழுக்க மங்கலாக ஒளி விடும். அந்தத் தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் பாசி திரும்பும். வெளிப்புறம் கெட்டியாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியையே மாற்ற வேண்டும்.

அடியில் நறநறவென்று மணல் என்றால் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயின் சல்லடை போயிருக்கலாம், அல்லது தெருக்குழாய் எங்கோ உடைந்து மண் ஏறுகிறது. வழுவழுப்பான செம்பழுப்புச் சேறு என்றால் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். சின்னச் சின்னக் கறுப்புத் துகள்களை விரலில் வைத்துத் தேய்த்தால் மை போல ஒட்டுகிறதா? வால்வில் இருக்கும் ரப்பர் வாஷர் நைந்துகொண்டிருக்கக்கூடும். சம்ப் சுவரில் மெல்லிய வேர், மண்புழு, ஒரே இடத்தில் வழிந்த கறை ஏதாவது தென்பட்டால் சுவரில் வெடிப்பு இருக்கிறது. இதுதான் இருப்பதிலேயே கவலைப்பட வேண்டிய அடையாளம். சம்பில் தண்ணீர் மட்டம் குறையும்போதெல்லாம் வெளியிலிருக்கும் மண் நீர் அந்த வெடிப்பு வழியாக உள்ளே வரும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாயோ செப்டிக் டேங்கோ இருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

கடைசியாக, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். மிளகைவிடச் சிறிய, கறுப்பான, நீள்வட்டப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையாக இருக்கலாம். அது தண்ணீரில் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டவைக்கும். தொட்டி வற்றிக் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரியும். அதிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் கொசு தயார். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் வீட்டில் கொசு ஒழியாததற்கு இதுவே காரணம். அந்தப் பட்டையைத் தேய்த்தே ஆக வேண்டும்.

நாள் குறிப்பதும் பக்கத்து வீட்டுக்குச் சொல்வதும்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும். லாரித் தண்ணீரோ சேறு கலந்த கிணற்றுத் தண்ணீரோ ஏறும் தொட்டிக்கு மூன்று மாதம். தெருவில் வெள்ளம் நின்று சம்ப் மூடிவரை ஏறியிருந்தால் கணக்குப் பார்க்காதீர்கள், வெள்ளம் வடிந்ததும் கழுவ வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது சம்பை முழுக்கக் காலி செய்யக்கூடாது. சுற்றிலும் ஈரமண் அழுத்தும், கீழிருந்து தண்ணீர் தூக்கும். புதைத்துவைத்த பிளாஸ்டிக் சம்ப் மேலே எழும்பிவிடும். சிமெண்ட் சம்பில் தரை வெடிக்கும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் சம்பின் அடியைவிட மேலே தெரிந்தால் பாதி காலி செய்து, வண்டலை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, முழுக் கழுவலைத் தள்ளிப்போடுங்கள்.

அடுக்குமாடியில் இரண்டு நாள் முன்னதாகவே எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் போதாது, கதவைத் தட்டிச் சொல்ல வேண்டிய வீடுகள் உண்டு: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு. குளோரின் கூடுதலாக உள்ள தண்ணீரை ஊற்றினால் மீன்கள் செத்துப்போகும். ஹீமோடயாலிசிஸ் எந்திரத்துக்குள் குளோரின் போனால் ரத்த அணுக்கள் உடையும், உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தை வீட்டில் பாலுக்கும் குடிக்கவும் இரண்டு நாள் தண்ணீர் தனியாகப் பிடித்துவைக்க நேரம் கொடுங்கள். தனி வீடாக இருந்தாலும், வெளியே விடும் சேற்றுத் தண்ணீர் அடுத்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கும் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் ஆளுக்கு 20 லிட்டர் என்று பக்கெட்டில் பிடித்துவைத்தால் ஒரு நாள் ஓடிவிடும். குடிநீர் தனியாக ஆளுக்கு 3 லிட்டர். ஃபிளஷ் டேங்குகள் நிரம்பியிருக்கட்டும். மோட்டார் சுவிட்சின் மேல் "தொட்டி கழுவுகிறோம், போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டாத வீட்டில் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவார். வெறும் சம்பில் மோட்டார் ஓடினால் சீல் கருகிவிடும். உள்ளே யாராவது கைவைத்திருந்தால் அதைவிட மோசம்.

வாட்டர் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் தண்ணீர் வால்வையும் மூடுங்கள். சுத்திகரிப்பு எந்திரம் இருந்தால் அதற்குப் போகும் வால்வையும் அடைத்துவிடுங்கள். ஆர்ஓ மெம்பிரேன் குளோரினில் கெட்டுப்போகும்.

சம்புக்குள் இறங்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூடியே கிடக்கும் சம்பில் காற்று ஓட்டம் கிடையாது. வண்டலில் மக்கும் இலை, செத்த பூச்சி, இரும்பு ஏணியில் பிடிக்கும் துரு எல்லாமே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே இறங்கக்கூடாத இடம் என்பது தொழில் பாதுகாப்பு விதி. அதைவிடக் குறையும்போது முதலில் நிதானம் தப்பும், பிறகு கால் மடங்கும். மூச்சு திணறுகிறது என்று உணர்ந்து ஏறிவர நேரமே இருக்காது. அழுகும் சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும். வாடை போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் திரும்புவதில்லை.

மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் சரி என்று முடிவு செய்யும் வழக்கத்தை நம்ப வேண்டாம். சுடர் எரிகிற காற்றிலும் ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். உள்ளே மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்கவைக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது. கீழே ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் குதிக்கக்கூடாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட்டு, ஊதும் ஃபேன் இருந்தால் மேலிருந்து உள்ளே காற்றை விட வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாறு அடி ஆழமுள்ள வீட்டுச் சம்பை மேலிருந்தே முக்கால்வாசி நன்றாகக் கழுவிவிடலாம். நீளக் கைப்பிடி பிரஷ், அழுத்தமாகப் பீய்ச்சும் ஹோஸ், சேற்றை இழுக்கும் மட் பம்ப் மூன்றும் இருந்தால் போதும். மூலையில் ஒரு பிடி வண்டல் மிஞ்சினால் மிஞ்சட்டும். அதற்காக ஆளை இறக்க வேண்டியதில்லை. கைக்கு எட்டாத பெரிய சம்ப் என்றால் வாயு அளக்கும் மீட்டர், காற்று ஊதும் புளோயர், இடுப்புப் பட்டை, மேலே கயிறு பிடிக்கத் தனி ஆள் என்று முழு ஏற்பாட்டோடு வருபவர்களிடம் ஒப்படையுங்கள். வெறும் வாளியோடு வந்து சட்டையைக் கழற்றி இறங்கத் தயாராக நிற்பவரை, அவரே சம்மதித்தாலும், இறக்காதீர்கள். அவர் பழகியிருக்கலாம். காற்றுக்கு அது தெரியாது.

பெட்ரோல் பம்பையோ ஜெனரேட்டரையோ சம்பின் வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்த் தங்கும். மின்சாரப் பம்ப் என்றால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணையும் ஆர்சிசிபி வழியாகத்தான் இணைப்பு இருக்க வேண்டும். கையையோ பிரஷையோ தண்ணீரில் விடும்போது பம்பின் பிளக் வெளியே இருக்கட்டும். வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச் மட்டும்.

மூடி திறந்த நொடியிலிருந்து மூடும்வரை ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. டீ குடிக்கப் போனால்கூட மூடிவிட்டுத்தான் போக வேண்டும். தெருவில் விளையாடும் குழந்தைக்குத் திறந்த சம்ப் எவ்வளவு ஆழம் என்று தெரியாது.

சம்ப் முதலில், மேல்தொட்டி பிறகு

மேலே கழுவிவிட்டுக் கீழேயிருக்கும் சேற்றுத் தண்ணீரை ஏற்றினால் செய்த வேலை வீண். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும்.

தெளிந்த மேல் தண்ணீரைத் துணி துவைக்கவும் செடிக்கும் வாசல் கழுவவும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, சம்பில் ஓர் அடித் தண்ணீர் இருக்கும்வரை காலி செய்யுங்கள். அந்த ஓர் அடித் தண்ணீர்தான் தேய்க்க உதவும். முழுக்க வடித்துவிட்டால் வண்டல் தரையோடு காய்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு இரண்டு மடங்கு தண்ணீர் செலவாகும்.

மேற்கூரையின் அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆவி படிந்து, சிலந்தியும் கரப்பானும் தங்கும் இடம் அதுதான். பிறகு சுவரை மேலிருந்து கீழாக. தண்ணீர் மட்டம் வழக்கமாக நிற்கும் பட்டையில் நான்கைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கடைசியில் தரை. சேற்றைப் பம்ப் குழாய் இருக்கும் பக்கமாகத் தள்ளித் தள்ளி உறிஞ்ச வேண்டும். ஹோஸால் ஒரு தடவை பீய்ச்சி அலசி, அதையும் இழுத்துவிட்டால் முடிந்தது.

சிமெண்ட் சுவருக்குக் கெட்டியான நைலான் பிரஷ். பிளாஸ்டிக்குக்கு மென்மையான பிரஷோ ஸ்பாஞ்சோதான். கம்பி பிரஷ் போட்டால் சுவரில் கீறல் விழும், அந்தக் கீறலில்தான் அடுத்த முறை வழுவழுப்பு முதலில் பிடிக்கும். சோப்புத் தூள் தேவையில்லை, நுரையை அலசி முடிக்க ஒரு தொட்டித் தண்ணீர் போகும். ஆசிட் கூடவே கூடாது. சிமெண்டை அரிக்கும் என்பது ஒரு பக்கம். அடுத்ததாக நாம் குளோரின் போடப்போகிறோம். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், நேராகத் தொட்டியின் அடியில்தான் போய் உட்காரும். கழிவறை கழுவும் திரவமும் பெரும்பாலும் ஆசிட்தான், மறந்துவிடாதீர்கள்.

சம்ப் காலியாக இருக்கும்போதே இரண்டு சாமான்களைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள ஃபுட் வால்வ் தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் படியும் வண்டலெல்லாம் மேல்தொட்டிக்குத்தான் போகும். அதன் சல்லடையில் சிக்கிய நாரையும் சுண்ணாம்பையும் எடுத்துவிடுங்கள். அடுத்தது பால் வால்வ்: மிதவையைக் கையால் தூக்கினால் தண்ணீர் நிற்க வேண்டும், விட்டால் வர வேண்டும். மிதவையைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறதா? ஓட்டை விழுந்துவிட்டது, மாற்றுங்கள்.

சேற்றை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள். அடுத்த மழையில் அடைத்துக்கொண்டு தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கும். சேறு பெரும்பாலும் வெறும் மண்தான், செடிக்கடியில் கொட்டினால் போதும். வெள்ளமோ சாக்கடையோ புகுந்த தொட்டிச் சேறு என்றால் மட்டும் காய்கறிப் பாத்தியில் போட வேண்டாம்.

மேல்தொட்டி சின்ன வேலை. ஆபத்து அங்கே உயரத்தில் இருக்கிறது. ஏணியை ஒருவர் பிடிக்க, ஒருவர் ஏற வேண்டும். தொட்டியின் மேல் ஏறி நிற்காதீர்கள், பிளாஸ்டிக் மூடி ஆள் எடை தாங்காது. தொட்டிக்குள்ளும் இறங்க வேண்டாம், வாய் வழியாகவே எல்லாப் பக்கமும் எட்டும். காலி பிளாஸ்டிக் தொட்டி இலேசானது, பலத்த காற்றில் நகர்ந்தால் அடியில் உள்ள குழாய் முறியும். காற்று வீசும் நாளென்றால் கயிற்றால் கட்டிவிட்டுக் காலி செய்யுங்கள். வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டுத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை அடியிலுள்ள கழிவு வால்வ் வழியாக விட வேண்டும். கழிவு வால்வே இல்லாத தொட்டியில் மக்கால் மொண்டு, கடைசியைப் பழைய துண்டால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான். கேட் வால்வை மூட மறந்தால் அத்தனை சேறும் குழாய்களுக்குள் இறங்கி, ஒரு வாரம் ஒவ்வொரு குழாயாகக் கழற்றவேண்டி வரும்.

குளோரின் கணக்கு

தேய்த்தால் அழுக்குதான் போகும், கிருமி போகாது. இங்கே எல்லோரும் கைக்கு வந்தபடி அள்ளிப்போடுகிறார்கள். கணக்கு எளிது, ஒருமுறை போட்டு எழுதிவைத்துக்கொண்டால் போதும்.

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி உயரச் சம்ப் 150 கன அடி, ஏறத்தாழ 4,245 லிட்டர். வட்டத் தொட்டிக்கு மீட்டரில் அளந்து, விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, பிறகு 785ஆல் பெருக்குங்கள். விட்டம் 1.1 மீட்டர், உயரம் 1.1 மீட்டர் என்றால் சுமார் 1,045 லிட்டர்.

அடுத்தது மருந்தின் வீரியம். நல்ல பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதத்தை ஒட்டிக் குளோரின் இருக்கும். திறந்துவைத்த பாக்கெட்டில் மாதத்துக்கு மாதம் இறங்கும். ஈரமாகிக் கட்டி தட்டி, மூக்கில் ஏறாத பவுடரைத் தூக்கிப் போடுங்கள். திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் பாட்டிலில் 5 சதவீதமா வேறா என்று பாருங்கள். வாசனையும் நிறமும் சேர்த்தது தொட்டிக்கு ஆகாது.

வழக்கமான கழுவலுக்கு இரண்டே படி. 10 லிட்டர் பக்கெட் தண்ணீரில் 7 கிராம் பவுடர், அல்லது 5 சதவீதத் திரவம் 40 மில்லி. இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசல். பவுடரை முதலில் ஒரு மக்குத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் பக்கெட்டில் ஊற்றுங்கள். அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு, தொட்டிக்குள் போனால் அதுவே ஒரு வண்டல். எப்போதும் தண்ணீரில் பவுடரைப் போடுங்கள், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய சட்டை.

இந்தக் கரைசலைச் செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றி, சுவர், தரை, மூடியின் உள்பக்கம் எல்லாம் நனையும்படி வெளியிலிருந்தே அடியுங்கள். அரைமணி நேரம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். காயும் இடத்தில் மறுபடி அடிக்கலாம். குனிந்து தலையை உள்ளே விடாதீர்கள். பிறகு ஒரு தடவை அலசி அந்தத் தண்ணீரை வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது படி, நிரப்பும்போது. பக்கெட்டுக்குப் போட்ட அதே 7 கிராம், இப்போது 1,000 லிட்டருக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் குளோரினுக்கு வைத்திருக்கும் வரம்பு 5 மில்லிகிராம், ஆகவே தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை. நம் 4,245 லிட்டர்ச் சம்புக்கு 30 கிராம். தொட்டி கால்வாசி நிரம்பியதும் ஊற்றினால், மேலும் விழும் தண்ணீரே கலக்கிவிடும். மேல்தொட்டிக்குச் சம்பிலிருந்து ஏறும் தண்ணீரிலேயே குளோரின் இருப்பதால் தனியாகப் போட வேண்டாம்.

வெள்ளமோ சாக்கடையோ புகுந்தது, எலி செத்துக்கிடந்தது என்றால் இது போதாது. தேய்த்துக் கழுவிய பிறகு 1,000 லிட்டருக்கு 170 கிராம் பவுடர், அல்லது 5 சதவீதத் திரவம் ஒரு லிட்டர் என்ற கணக்கில் விளிம்புவரை நிரப்பி 24 மணி நேரம் ஊறவிட வேண்டும். சம்புக்கு 720 கிராம் ஆகும். இந்தத் தண்ணீரை யாரும் எதற்கும் தொடக்கூடாது, குழந்தைகளிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். ஊறியபின் பாதாளச் சாக்கடை இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். செப்டிக் டேங்கில் விட்டால் அங்கே கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா செத்துப்போகும். செடிக்கு விட்டால் செடி கருகும். குளத்துக்கோ மழைநீர் வடிகாலுக்கோ போனால் மீன் சாகும். சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டில் மூடியைத் திறந்து, மேலே கம்பி வலை போட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, குளோரின் அளக்கும் பட்டையில் நிறம் ஏறாத பிறகு வெளியேற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் இவ்வளவு குளோரினை ஊறவிடக்கூடாது, புள்ளி புள்ளியாக அரிக்கும். அதற்குத் தெளிப்பான் வழியை இரண்டு தடவை செய்து நன்றாக அலசிவிடுவது போதும்.

தண்ணீர் திரும்ப ஓடும்போது

சம்ப் காலியானதில் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கும். மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறாவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்தி, பிரைமிங் மூடியைத் திறந்து, குமிழி நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.

வீட்டுக்குள் கீழ்த்தளத்தில் ஆகத் தாழ்ந்த குழாயை முதலில் திறங்கள். காற்றும் கலங்கலும் அந்த வழியே போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக மேலே. குழாய் வாயிலுள்ள சின்னச் சல்லடையைக் கழற்றிவைத்துவிட்டுத் திறப்பது நல்லது, இல்லாவிட்டால் உதிர்ந்த துருவெல்லாம் அதில்தான் அடைக்கும். வாஷிங் மெஷின் குழாய் இணைப்பிலும் அப்படி ஒரு சல்லடை உண்டு. எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வந்ததும் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள், குழாய்களின் உட்புறமும் சுத்தமாகும். அதன்பின் ஒவ்வொரு குழாயையும் ஒரு நிமிடம் திறந்துவிட்டு, வாட்டர் ஹீட்டர் நிரம்பியதைச் சூடுநீர்க் குழாயில் பார்த்த பிறகே அதன் சுவிட்சைப் போடுங்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் போட்டால் காயில் எரிந்துவிடும். சுத்திகரிப்பு எந்திரத்தின் வால்வை மட்டும் மறுநாள், குளோரின் அளக்கும் பட்டையில் அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு இறங்கியபின் திறங்கள்.

நிரப்பிய அன்றே கசிவும் பார்த்துவிடலாம். உள்ளே வரும் வால்வ், வெளியே போகும் வால்வ் இரண்டையும் ராத்திரி மூடி, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர்ச் சம்பில் காலைக்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் 30 லிட்டர் போயிருக்கிறது. போகும் வழியே வரும் வழியும்.

மூடி

வேலை இங்கேதான் முடிகிறது, பாதிப்பேர் இதற்கு முன்பே கையைக் கழுவிவிடுகிறார்கள். சம்பின் வாய் தரைமட்டத்திலேயே இருந்தால் வாசல் கழுவும் தண்ணீர், தெருத்தூசி, மழை எல்லாம் அதில்தான் வடியும். சுற்றிலும் 15 சென்டிமீட்டராவது செங்கல் வைத்து உயர்த்திக் கட்டுங்கள். மூடியின் ஓரம் அந்தக் கட்டைத் தாண்டி வெளியே மடிந்து இறங்க வேண்டும், பாத்திரத்துக்கு மேல் தட்டு கவிழ்த்ததுபோல. உள்ளே அமரும் தட்டை மூடியில் ஓரமெல்லாம் தண்ணீர் நின்று ஒழுகும். பூட்டு போட ஒரு கொண்டி.

நிரம்பி வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, 1.2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலையை கிளிப் போட்டு இறுக்குங்கள். இரும்பு வலை ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டையாகும். துணி கட்டுவது கட்டாததற்குச் சமம், மக்கிப்போய்த் தொட்டிக்குள்ளேயே விழும். மேல்தொட்டி மூடியின் திருகு கெட்டு ஆடிக்கொண்டிருந்தால் கல் வைத்து அழுத்தாமல் புது மூடி போடுங்கள். கல் வைத்த மூடி நடுவில் குழிந்து, அதில் மழைத் தண்ணீர் தேங்கி, அங்கேயே கொசு முட்டையிடும்.

கடைசியாக மூடியின் உள்பக்கம் பெயிண்டால் மூன்று எழுதுங்கள்: கழுவிய தேதி, தொட்டியின் லிட்டர், நிரப்பும்போது போட வேண்டிய கிராம். ஒரு வாரம் கழித்து டார்ச்சோடு திறந்து பாருங்கள். தண்ணீருக்கு மேலுள்ள பட்டையில் புதிதாகக் கறுப்புப் புள்ளி இருந்தால் வலையிலோ மூடியிலோ இன்னும் ஓர் இடுக்கு பாக்கி இருக்கிறது.